சுத்த வெள்ளை

அத்தான் வெள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஏழு குட்டிகளையும் தன் மாந்தோப்பில் சாக்கு விரித்து அதன்மேல் விட்டிருக்கிறார் நாய் வளர்த்து விற்கிற பூவலிங்கம் அண்ணாச்சி, எல்லாமே வெள்ளைதான், ராஜபாளையத்து நாய்க்குட்டி வேறு எப்படி இருக்கும், ஆனால் அத்தானுக்கு அது போதாது, பதினெட்டு வருஷமாகச் சிவகாசியில் பெயிண்ட் கடை வைத்திருப்பவருக்கு வெள்ளை என்று ஒன்று கிடையாது, வெள்ளைகள்தான் உண்டு. ஒவ்வொன்றாகப் பிடரியைப் பிடித்துத் தூக்குகிறார், தன் சட்டையோடு ஒட்டிப் பார்க்கிறார், தள்ளிப் பிடிக்கிறார், ஒரு கண்ணைச் சுருக்குகிறார். "இது ஐவரி." கீழே விடுகிறார். "இது கிரீம் அடிக்குது." கீழே. "இதுல காதுல என்ன அண்ணாச்சி, டீ சிந்துன மாதிரி?" "அது மச்சம் முதலாளி, தாய் வழி வர்றது. நல்ல துடியான குட்டி." "சுவத்துல கறை இருந்தா வீட்டுக்காரன்ட்ட மச்சம்னா சொல்றேன்?" சொன்னதற்கு அவரே சிரிக்கிறார், சிரித்துக்கொண்டே திரும்பி என்னைப் பார்க்கிறார், அப்போது நானும் சிரிக்க வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள ஏற்பாடு, ஏற்பாட்டை அவர் செய்தார், நான் அதில் இருக்கிறேன். அவருடைய போன், அவருடைய கூலிங்கிளாஸ், அவருடைய தண்ணீர் பாட்டில் மூன்றையும் பிடித்துக்கொண்டு வாயால் மட்டும் சிரிக்கிறேன். அவர் சட்டை சுத்த வெள்ளை, காலரில் மட்டும் வேர்வையின் மஞ்சள். அந்த மஞ்சளுக்கு எந்த டின்னில் எத்தனை சொட்டு விட வேண்டும் என்று எனக்குத் தெரியும், கடையில் கலர் மெஷினில் நிற்பவன் நான்தான். என்னை யாரும் கேட்கவில்லை.

வரும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி டீக்கு நிறுத்தியபோதுதான் சொன்னார். நின்றபடி வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, துப்பியது மண்ணில் ஊறுவதைப் பார்த்துக்கொண்டே, "மாப்ள, நாய வெளியதான் கட்டப்போறேன். படிக்கு அடியில இருக்குல்ல உன் ரூம், அது அதுக்குச் சரியா இருக்கும். நீ குடோன்ல படுத்துக்க, காவலுக்கும் ஆச்சு" என்றார். நான் "ம்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. ஏழு வருஷம் நான் படுத்த அறை ஒரு கொப்பளிப்பில் போய்விட்டது. அது அறைகூட இல்லை, மாடிப்படி ஏறும்போது மிச்சமான மூலை, உள்ளே போனால் தலை இடிக்கும், பாதி தூரத்துக்குக் குனிந்துதான் நடக்க வேண்டும், கதவு தெருவைப் பார்த்துத் திறக்கும், உள்பக்கத்துச் சுவரில் ஒரு கையளவு ஜன்னல், அதற்கு அந்தப் பக்கம் அடுப்படி. காலையில் அக்கா அந்த ஜன்னல் வழியாக டம்ளரை நீட்டுவாள். கை மட்டும் வரும். வளையல் வரும். "குடிச்சிட்டு டம்ளர அங்கனயே வை" என்று குரல் வரும். வீட்டுக்கு உள்ளே இருக்கிறேன் என்றும் சொல்ல முடியாது, வெளியே இருக்கிறேன் என்றும் சொல்ல முடியாது, அந்த ரெண்டும் கெட்ட இடம்தான் எனக்குப் பிடித்திருந்தது. குடோன் என்றால் பெயிண்டில் கலக்கிற தின்னர். ஷட்டரை இறக்கிவிட்டால் தின்னர் வாசனை தரையிலிருந்து எழும்பி நெற்றிக்குள் உட்கார்ந்துகொள்ளும். போன தீபாவளிக்கு முன்னால் சரக்கு வந்த வாரம் அங்கே நான்கு நாள் படுத்தேன், மூன்றாம் நாள் விடியும்போது தலையணையில் ரத்தம், மூக்கிலிருந்து. அத்தானிடம் காட்டினேன். "ரெட் ஆக்சைட் சிந்திருச்சா?" என்று கேட்டார். அது வேடிக்கைக்குக் கேட்டாரா நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வேடிக்கையாக இருந்தால்தான் அதிகமாக வெறுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இல்லை, நிஜமாகக் கேட்டிருந்தால்தான்.

தாத்தா ஒரு கதை சொல்வார். ஒரு ஊர்ல ஒரு ராசா. ம். ராசா வீட்டுக்கு ஒரு வாசல். ம். வாசலுக்கு ஒரு காவக்காரன், அவனுக்கு வாசல் நெலையிலயே படுக்கை. ம். ஒரு நாள் ராசா ஒரு நாய் வாங்கிட்டு வந்தாரு. அங்கே நான் தூங்கிவிடுவேன். எத்தனை தடவை சொன்னாலும் நாய் வந்ததும் தூங்கிவிடுவேன். கதை கேட்கிறவன் ம் கொட்ட வேண்டும், ம் நின்றால் கதை நிற்கும், தாத்தா அந்த இடத்திலேயே வேட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்துவிடுவார், மறுநாள் கெஞ்சினாலும் "தூங்குனவனுக்குக் கதை இல்ல" என்பார், முதலிலிருந்துதான் ஆரம்பிப்பார். அவர் செத்துப்போய் எனக்குப் பதினாறு வயதில் அக்கா வீட்டுக்கு வந்தபோது கையில் இருந்தது ஒரு பையும் இந்த ம்மும்தான். தாத்தாவுக்கு ம் என்றால் முழித்திருக்கிறான் என்று அர்த்தம். அத்தானுக்கு ம் என்றால் சரி என்று அர்த்தம். காவல்காரன் என்ன ஆனான்? ராசா அவனைக் குடோனுக்கு அனுப்பினாரா? எல்லாரும் முழுக்கதையும் கேட்டிருப்பார்கள், அக்கா கேட்டிருப்பாள், அவளைக் கேட்டால் "எனக்கு என்னடா ஞாபகம் இருக்கு" என்பாள், கை மட்டும் வந்து டம்ளரை எடுத்துக்கொள்ளும்.

போன் அடிக்கிறது, அக்காதான், அத்தான் கையை நீட்டாமல் "ஸ்பீக்கர்ல போடு" என்கிறார், நான் போட்டு அவர் வாய்க்கு நேராகப் பிடிக்கிறேன், மைக் ஸ்டாண்டு மாதிரி. "என்ன, எடுத்தாச்சா?" "பாத்துட்டிருக்கேன்." "நான்தான் சொன்னேன்ல, பொமரேனியன் வாங்குங்க, பாப்பாகூட சோபால கெடக்கும்." "காளீஸ்வரி, அது நாயில்ல, பஞ்சு. தலகாணிக்குள்ள வச்சுத் தச்சிரலாம்." "அப்ப லேப்ரடார் வாங்குங்க, எதுத்த வீட்ல இருக்கு, எவ்வளவு பாசமா இருக்கு." "அது திருடனுக்கும் பாசமாத்தான் இருக்கும். செருப்ப எடுத்துக் குடுத்து வழியனுப்பி வைக்கும்." "வெளிய கட்டுற நாய்க்கு நான் சோறு வைக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். வீட்டுக்குள்ள வளக்கறதா இருந்தா வாங்குங்க." "வீட்டுக்குள்ள நாய வளக்கறதுக்கு நான் என்ன சினிமாக்காரனா? நாய்னா வாசல்ல நிக்கணும், பாக்கறவன் பயப்படணும்." கொஞ்ச நேரம் கரகரப்பு. "அங்க அவன் இருக்கானா?" என்கிறாள் அக்கா. அவன் என்றால் நான். "இருக்கான், போனப் பிடிச்சிட்டிருக்கான்." "அவன் என்ன சொல்றான்?" அத்தான் என் முகத்தைப் பார்க்கிறார். "மாப்ள என்னைக்குப் பேசியிருக்கான், இன்னைக்குப் பேச. அவனுக்கு வால்யூம் கம்மி, பட்டன் எங்க இருக்குன்னுதான் தெரியல." பூவலிங்கம் அண்ணாச்சி மரியாதைக்குச் சிரிக்கிறார். கடைக்கு வருகிற ஒவ்வொரு காண்ட்ராக்டரிடமும் அத்தான் இதைச் சொல்லியிருக்கிறார், பட்டன் எங்க இருக்குன்னு தெரியல, பட்டன் எங்க இருக்குன்னு தெரியல, அவர் தொண்டையில் பட்டன் இருந்தால் என் விரல் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அக்கா சிரித்தாளா இல்லையா என்பது கரகரப்பில் கேட்கவில்லை. போன் சூடாக இருக்கிறது. கட் பண்ணிவிட்டாள்.

"இது." அத்தான் ஒரு குட்டியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். ஒரு புள்ளி இல்லை, மூக்கு ரோஸ், காதின் உள்பக்கம் ரோஸ், கண் சாம்பல் கலந்த நீலம், வெயிலில் வைத்தால் ஓரங்கள் தெரியாமல் கரைந்துவிடும் போலிருக்கிறது. "அண்ணாச்சி, இதுதான் ஒயிட். மத்ததெல்லாம் ஆஃப் ஒயிட்." பூவலிங்கம் அண்ணாச்சி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அது கொஞ்சம் சாது முதலாளி. மச்சக்குட்டி நல்லா கொலைக்கும்" என்கிறார். "சாதுவா இருந்தாத்தான் பழக்க முடியும். எங்க வீட்லயே ஒண்ணு இருக்கே." மறுபடி என்னைப் பார்க்கிறார், மறுபடி வாயால் சிரிக்கிறேன். "காது கண்ணெல்லாம் சரியா இருக்குல்ல?" "பாத்துக்குங்களேன்" என்று குட்டியை வாங்கி மற்ற ஆறோடும் சாக்கில் விட்டுவிட்டு அண்ணாச்சி பின்னால் போய் நின்று பளீரென்று கை தட்டுகிறார். ஏழும் திரும்புகின்றன. வெள்ளைக்குட்டி கொஞ்சம் பிந்தித் திரும்புகிறது, ஆனால் திரும்புகிறது. அத்தானுக்குத் திருப்தி. எனக்கு ஏதோ இடறுகிறது, என்ன என்று தெரியவில்லை, கண்ணுக்குள் தூசி மாதிரி. கை தட்டினார். திரும்பியது. கை தட்டினார், வலது குதிகால். ஆமாம், கை தட்டும்போது வலது குதிகாலையும் தரையில் அறைந்தார். தரையில் இல்லை, சாக்குக்கு அடியில் பலகை இருக்கிறது, பலகையின் விளிம்பில். மாந்தோப்பு மண்ணில் நாய்க்குட்டிகளுக்கு எதற்குப் பலகை? அத்தான் அங்கே தாய் நாயைப் பார்க்கப் போகிறார், கம்பிக் கூண்டுக்குள் அது அவரைப் பார்த்துக் குலைக்கிறது, நான் குந்தி உட்காருகிறேன், குட்டிகளுக்குப் பின்னால், பலகையைத் தொடாமல், நாக்கை மேலண்ணத்தில் வைத்து மெதுவாக, எனக்கு வருகிற அளவில், த்சொ த்சொ. ஆறு தலை திரும்புகிறது. மச்சக்குட்டி ஓடியே வருகிறது. வெள்ளைக்குட்டி சாக்கின் நூலைக் கடித்துக்கொண்டிருக்கிறது. இன்னும் கிட்டே போய், காதுக்கு ஒரு சாண் தள்ளி, த்சொ. நூலைக் கடிக்கிறது. என் நிழல் அதன் மேல் விழுந்ததும் திடுக்கிட்டு எழுந்து, தன்னைத் தானே மிதித்துக்கொண்டு, யார் என்று அண்ணாந்து பார்க்கிறது. அதன் பார்வை என் கண்ணில் இல்லை, என் வாயில் இருக்கிறது.

செவிடு. பலகை அதிர்ந்துதான் அப்போது திரும்பியிருக்கிறது. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் அவ்வளவு வேகமாக எழும்புகிறது, எனக்கே வெட்கமாக இருக்கிறது, வெட்கம் இல்லை, வெட்கம் வருவதற்குள் சந்தோஷம் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. ஆறு ஜோடி நல்ல காதுகளைத் தள்ளிவிட்டு, ஐவரி, கிரீம், மச்சம் என்று தள்ளிவிட்டு, சத்தமாகப் பேசுகிற, சத்தமாகத் துப்புகிற, சத்தமாகச் சாப்பிடுகிற மனிதர், தன் வாசலுக்குக் காவலாக ஒரு செவிட்டு நாயைத் தேடிப் பிடித்து எடுத்திருக்கிறார். வெள்ளை கூடக்கூடக் காது போகும் என்று கடைக்கு வருகிற ஒரு கால்நடை டாக்டர் சொல்லியிருக்கிறார், இந்த ஜாதியில் அது உண்டு, புள்ளியில்லாத சுத்த வெள்ளை, நீலக் கண் என்றால் பார்த்து வாங்கணும் என்று. அத்தானும் அன்றைக்குக் கல்லாவில்தான் இருந்தார், அவர் யார் பேச்சைக் கேட்டார். கட்டட்டும். வாசலில் கட்டட்டும். திருடன் சுவர் ஏறிக் குதித்து, அடுப்படியில் தண்ணீர் குடித்து, பீரோவைத் திறந்து, மெதுவாக, அவசரமில்லாமல், போகும்போது அதன் தலையைத் தடவிவிட்டுப் போகட்டும். ஊரெல்லாம் கூடி, பெயிண்ட் கடை வெயிலுமுத்து வீட்டில் நாய் இருந்துமா என்று கேட்கட்டும். நான் குடோனில் இருப்பேன். எனக்கு என்ன தெரியும். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, பேசாமல் இருந்தால் போதும், பேசாமல் இருப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, ஏழு வருஷம் அதைத்தானே எனக்கு அவர் பழக்கினார்.

"தம்பி பாத்துட்டீங்க போல." பூவலிங்கம் அண்ணாச்சி என் பக்கத்தில் குந்தியிருக்கிறார், எப்போது வந்தார் என்று தெரியவில்லை. குரல் தாழ்ந்திருக்கிறது. "நான் சொல்லித்தான் பாத்தேன், நீங்களும் கேட்டீங்க. மச்சக்குட்டிய எடுங்கன்னு சொன்னேன். அவரு வெள்ளைதான் வேணுங்காரு." மடியில் இருந்து பொடி டப்பாவை எடுக்கிறார், திறக்காமல் மூடிவைக்கிறார். "பலகை எதுக்கு?" என்று கேட்கிறேன். இன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தைகள். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "பாக்க வர்றவங்க ஒண்ணு விடாம திரும்பணும்னு எதிர்பாக்காங்க" என்கிறார். பிறகு, "போன ஈத்துல ஒண்ணு இப்படித்தான். எடுத்துட்டுப் போய்ப் பத்து நாள்ல திருப்பிக் கொண்டுவந்து போட்டாக. கூப்பிட்டா வரலைன்னு அடிச்ச அடியில ஒரு கண்ணு மூடிக் கெடந்துச்சு. காது கேக்காதத வச்சு நான் என்ன செய்ய தம்பி, யாரு எடுப்பா." தோப்பின் மூலையில் கிணறு இருக்கிறது. அவர் அந்தப் பக்கம் பார்த்தாரா, இல்லை மாமரத்தைப் பார்த்தாரா. "இந்தாங்க, பிடிங்க" என்று வெள்ளைக்குட்டியை என் கையில் திணித்துவிட்டு எழுந்துகொள்கிறார். போன், கூலிங்கிளாஸ், தண்ணீர் பாட்டில், நாய்.

கனமே இல்லை. வயிறு மட்டும் சூடாக, பால் குடித்து உருண்டு, விலா எலும்புக்குள் என்னவோ படபடவென்று ஓடுகிறது. சந்தோஷத்தை மறுபடி தேடுகிறேன், சற்று முன்னால் இங்கேதானே இருந்தது, திருடன் வந்தான், பீரோ திறந்தது, அடுத்து, அடுத்து விடிந்துவிடுகிறது. விடிந்ததும் அத்தான் வெளியே வருவார். அதுதான் நான் நினைக்காமல் விட்ட இடம். தூங்கிப்போகிற இடம். வெளியே வந்து, "டேய்" என்பார். அது நூலைக் கடித்துக்கொண்டிருக்கும். இன்னும் சத்தமாக "டேய்" என்பார். அக்கா வீட்டுக்கு வந்த முதல் வாரம் நானும் அப்படித்தான், என் ம் அவருக்குக் கேட்காது, நான் ம் என்றுதான் சொல்லியிருப்பேன், அவர் வாசல்படியில் நின்றுகொண்டு, "காது என்ன செவிடா?" என்று பின்மண்டையில் ஒன்று. பெயிண்ட் டப்பாவின் மூடியைத் திறக்கிற தட்டைக் கம்பி, அது எப்போதும் அவர் கையில் இருக்கும், அதால் ஒன்று. எனக்காவது அவர் எதற்கு அடிக்கிறார் என்று காதில் விழுந்தது. இதற்கு வானத்திலிருந்து விழும். சொல்லிவிடலாம். அத்தான், இது செவிடு. சொன்னால் குட்டி சாக்குக்குத் திரும்பும், சாக்கிலிருந்து கிணற்றுக்கு. அத்தான் மச்சக்குட்டியை எடுப்பார், மச்சக்குட்டி படிக்கு அடியில், நான் குடோனில். சொல்லாவிட்டால் இது படிக்கு அடியில், நான் குடோனில். எப்படிச் சுற்றினாலும் நான் குடோனுக்குத்தான் போய்ச் சேருகிறேன், தின்னர் நெற்றியில் ஏறி உட்காருகிறது, இந்தத் தோப்புக்குள்ளேயே. எனக்கே தெரியாமல் ம் என்றிருக்கிறேன் போல. குட்டி சடாரென்று தலையைத் தூக்கி என் நெஞ்சைப் பார்க்கிறது. காதால் கேட்கவில்லை. அதன் கன்னம் என் நெஞ்செலும்பில் ஒட்டியிருந்தது. மறுபடி, வேண்டுமென்றே, ம். அது நெஞ்சில் மூக்கை வைத்து அழுத்துகிறது, உள்ளே யார் என்று கேட்பது போல. ம். என்னைச் சத்தமாகப் பேசு என்று சொல்லாத முதல் ஆள்.

"போவமா?" அத்தான் வருகிறார், கை கழுவிய தண்ணீரை உதறிக்கொண்டு, இரண்டு சொட்டு என் முகத்தில் விழுகிறது. "அண்ணாச்சி, சங்கிலி கெட்டியா ஒண்ணு குடுங்க. இன்னைக்கே வாசல்ல கட்டிப் பழக்கிருவோம்." நான் சொல்கிறேன். "மஞ்சளாயிரும் அத்தான்." "என்ன?" "மஞ்சளாயிரும்." "சத்தமா சொல்லித் தொலையேன்." அவருடைய பாட்டிலைத் திறந்து, அவர் வாய் வைத்த பாட்டில், ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன், "இது இன்டீரியர் ஒயிட் அத்தான். வெளிய வெயில்ல கெடந்தா ஆறு மாசத்துல மஞ்சளாயிரும். மூக்கு ரோஸும் கறுத்துரும். அப்புறம் ஐவரிதான்." எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, உண்மையா பொய்யா என்றும் தெரியாது, ஆனால் இதை அவர் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்கிறார், உள்சுவர் வெள்ளையை வெளிச்சுவருக்கு அடித்தால் வெயில் தின்றுவிடும் என்று, கல்லாவில் உட்கார்ந்து விரலை ஆட்டிச் சொல்கிறார், அவர் வாழ்க்கையில் சந்தேகப்படாத விஷயம் இது ஒன்றுதான். அவர் விரல் ஆடாமல் நிற்கிறது. குட்டியைப் பார்க்கிறார். மேற்கே மலைக்கு மேல் நிற்கிற வெயிலைப் பார்க்கிறார். "அப்படியா அண்ணாச்சி?" பூவலிங்கம் அண்ணாச்சி என்னைப் பார்க்காமல், "தம்பி சொல்றது சரிதான் முதலாளி. வெள்ளைத்தோல் வெயில் தாங்காது" என்கிறார், அவருக்கு அவர் காரணம். "அப்ப என்ன செய்யச் சொல்ற? உங்கக்கா ஜெயிச்சான்னு சோபால படுக்கப் போடவா?" "என் ரூம்ல கெடக்கட்டும். நிழல். நான் பாத்துக்கறேன். சாயந்தரம் வெயில் தாந்தப்புறம் வாசலுக்குக் கொண்டு வர்றேன், பாக்கறவுக பாக்கட்டும்." இவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியதில்லை. "அப்ப குடோனு?" "நான் அங்க போய்ட்டா இதுக்கு யாரு கூட இருக்கா." அத்தான் உதட்டைப் பிதுக்குகிறார். "பட்டன் இருக்குடா உனக்கு" என்கிறார். "சரி, கெட. ரெண்டும் அங்கனயே கெட. நாயி மஞ்சளாச்சுன்னா உன்னையத்தான் கேப்பேன்."

கேட்பார். ஒரு மாதம், இரண்டு மாதம், ஒரு நாள் நான் கடையில் இருக்கும்போது குனிந்து அந்த அறைக்குள் தலையை விட்டுக் கூப்பிடுவார், அது வராது, அன்றைக்குத் தெரிந்துவிடும். அதற்குள் நான் அதற்குப் பழக்க வேண்டும், அவர் செருப்பு படியில் மிதிக்கிற அதிர்வைத் தரையில் வயிற்றை வைத்துக் கண்டுபிடிக்க, திரும்ப, எழுந்து நிற்க. எனக்கு அது தெரியும், நானும் தூக்கத்திலிருந்து அப்படித்தான் எழுகிறேன். காவலாவது ஒன்றாவது. திருடன் வரட்டும். இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டோம். அத்தான் முன்னால் போகிறார், காருக்கு. சுத்த வெள்ளைச் சட்டையின் முதுகு நனைந்து ஒட்டியிருக்கிறது. நான் பின்னால் நடக்கிறேன், பின் நின்று, காருக்கு முதுகைக் காட்டி, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிகிறேன், மாமர நிழலில், குட்டியின் கன்னம் என் நெஞ்சில் இருக்கிறது. ஹாரன் அடிக்கிறார். இரண்டு தரம், பிறகு கையை எடுக்காமல். கூண்டில் தாய் நாய் குலைக்கிறது, சாக்கில் ஆறு குட்டிகளும் கத்துகின்றன, மரத்திலிருந்து காக்கைகள் எழும்புகின்றன. "டேய், காது என்ன செவிடா?"

குட்டி திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை.